திருப்பருத்திக்குன்றத்துச் சமணப் பள்ளியும் ஒரு முகூர்த்தச் சேலையும்

காஞ்சிபுரத்தில் முப்பது வருடமாகப் பட்டு வியாபாரம் செய்கிறேன். ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டரில் இருக்கிற திருப்பருத்திக்குன்றத்துக்குப் போன மாதம்தான் முதல்முறையாகப் போனேன். பக்தியெல்லாம் இல்லை. ஒரு வாதத்தில் ஜெயிக்கப் போனேன்.

என் மகன் கட்டிக்கொள்ளப்போகிற ஜினமதி, வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பத்துப் பெண். புழுவைக் கூட்டோடு வேகவைத்து எடுக்கிற நூல் என்பதால் பட்டு உடுத்த மாட்டாள். முகூர்த்தத்துக்கும் மாட்டாளாம். பட்டுக் கடைக்காரன் வீட்டு மருமகள் பட்டில்லாமல் மணவறையில் உட்கார்ந்தால் கடைத்தெருவே சிரிக்கும். திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயில் விதானத்தில் பழைய ஓவியங்கள் உண்டு, ராணிகளெல்லாம் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர்கள் கட்டியிருக்கும் பட்டை அவளுக்கே காட்டிவிடலாம் என்பது என் திட்டம். ஞாயிற்றுக்கிழமை வரச்சொன்னேன்.

காலை 7.40க்குப் பிள்ளையார்பாளையத்தில் ஆட்டோ பிடித்தோம். 150 கேட்டார், 120க்கு முடிந்தது. முதல்முறை போகிறேன் என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன்.

“முப்பது வருசமா இந்த ஊர்ல இருந்துக்கினு அங்க போனதே இல்லியா மொதலாளி?” என்றார் ஓட்டுநர்.

“வேல இருந்திச்சுபா.”

“அது சரி, கோயில் எங்கியும் ஓடல. அங்கியேதான் இருக்குது.”

ஜினமதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வேகவதி ஆற்றுப் பாலம் தாண்டி 7.55க்கு இறங்கினோம். பல்லவர் காலத்தில் தொடங்கி, சோழர் காலத்தில் வளர்ந்து, விஜயநகரக் காலத்தில் மண்டபம் சேர்த்த இடம். சமண முனிவர்கள் தங்கிப் படித்து, பாடம் சொன்ன மடம் இது. அந்த நாளில் பள்ளி என்பார்கள். அதன் செலவுக்கு நிலம் எழுதிவைத்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. முனிவர்கள் அன்றாடம் புழங்கிய கட்டடம் எதுவும் என் கண்ணில் படவில்லை. மதிலும் கோபுரமும் சன்னதிகளும் சங்கீத மண்டபமும் நிற்கின்றன. பின்புறம் பழைய குரா மரம், முனிவர்களின் நினைவாகக் கட்டிய சிறு அறைகள்.

சங்கீத மண்டபத்தில் அண்ணாந்து பார்த்தேன். சிவப்பும் மஞ்சளும் பல இடங்களில் உதிர்ந்திருந்தாலும் பெண்களின் சேலைகள் தெரிந்தன. சேலையின் உடலில் புள்ளி, கரையில் கோடு. கை நீட்டிக் காட்டினேன்.

“பாரும்மா, அந்தம்மா கட்டிக்கினு இருக்கிறது பட்டுதான்.”

“மாமா, அது சாயம். நூல் தெரியுதா ஒங்களுக்கு?”

தெரியவில்லை. முப்பது வருட அனுபவம் விதானத்துக்கு எட்டவில்லை.

பின்புறம் அந்த அறைகளுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். இடுப்பில் துணிகூட இல்லாமல் வாழ்ந்த திகம்பர முனிவர்களுக்குக் கட்டியவை. திரும்பி வந்து, “மாமா, ஒங்க மனசும் கஷ்டப்பட வேணாம். பருத்தியில நெய்யுங்க, கரைக்கு நல்ல சரிகை போட்டுடுங்க. தூரத்துல இருந்து பார்த்தா பட்டு மாதிரியே இருக்கும்” என்றாள்.

இனிக் கடைத்தெரு சிரிக்காது, ஜெயித்துவிட்டேன். ஆனால் அசல் சரிகை என்பது பட்டு நூல்மேல் வெள்ளி இழையைச் சுற்றி, தங்க முலாம் பூசியது. உள்ளே இருப்பது அதே புழுவின் நூல். அவளுக்கு அது தெரியாது. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கம் எனக்குக் கடையில் கிடையாது. அந்த அறைகளைப் பார்த்தேன். குரா மரத்தைப் பார்த்தேன். எங்கே பார்த்தாலும் அவளும் கண்ணில் பட்டாள்.

“சரிகைக்குள்ளயும் பட்டுதாம்மா இருக்குது.”

அவள் என் பக்கம் திரும்பினாள். “அப்போ சரிகையும் வேணாம். சொல்லாம இருந்திருக்கலாமே மாமா, வியாபாரம் போச்சே?”

“ஒன்கிட்ட வியாபாரம் பண்ணவா வந்தேன்?” என்றேன். அதற்குத்தான் வந்திருந்தேன்.

பட்டுக்குப் பதில் பாலியஸ்டர் இழைமேல் சுற்றிய போலிச் சரிகையும் கிடைக்கிறது. என் வீட்டு முகூர்த்தத்துக்கு அதைப் போட மனம் வரவில்லை. கடைசியில் சேலையின் உடலுக்கு மஞ்சள், கரைக்கு அரக்கு, இரண்டும் பருத்தி என்று முடிவானது. என் தறிக்காரரிடம் சொன்னபோது, “மொதலாளிக்கு ஒடம்பு சரியில்லியா?” என்றார். சேலை இப்போது தறியில் இருக்கிறது.

போகிறவர்களுக்கு: வெயில் ஏறுமுன் போங்கள். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். அண்ணாந்து பார்த்தே கழுத்து போய்விடும். கைக்கண்ணாடி ஒன்றைக் கீழே பிடித்து அதில் ஓவியத்தைப் பாருங்கள். படமெடுக்குமுன் அங்கிருப்பவரைக் கேளுங்கள். தண்ணீர் கையோடு இருக்கட்டும். திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் ஆளுக்கு 20 ரூபாய் கொடுத்தோம்.

ஊருக்குள் வந்ததும் பட்டுக்கடைகள் உங்களைக் கூப்பிடும். என் கடையும் கூப்பிடும். உள்ளே வந்தால், சரிகை எதன்மேல் சுற்றியது என்று கேளுங்கள். கேட்டால்தான் சொல்வோம்.