மின்சார உருண்டையும் ஒரு நாரணாபுரம் குடும்பமும்

அறிவியல் மையத்தில் விளக்கம் சொல்கிற வேலை என்றால், “தொடாதே” என்று ஒரு நாளைக்கு முந்நூறு தடவை சொல்வதுதான். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை எங்கேயாவது கூட்டிப்போய், வீடு திரும்புவதற்குள் தொண்டை கட்டிப்போனவர்களுக்கு என் பாடு புரியும். சூலக்கரைப் பக்கம் இருக்கும் எங்கள் சின்ன மையத்துக்குப் போன மாதம் ஒரு குடும்பம் வந்தது. முருகனும் செல்வியும் நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள். மகன் கதிருக்கு ஏழு வயது. மகள் யாழினிக்கு நாலு. வெளியே போகிறோம் என்று பளபளவென்று புது நைலான் கவுன் போட்டிருந்தாள்.

குட்டி அப்பா

வளைந்த கண்ணாடி முன்னால் முருகன் நின்றதும், உள்ளே அவர் யாழினி உயரத்துக்குக் குறுகிப்போனார். அவள் கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நகர மறுத்துவிட்டாள். நான் ஒளி, வளைவு என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: “இந்தக் குட்டி அப்பாவும் காலையிலயே வேலைக்குப் போயிருவாரா?”

பச்சைச் சுடர்

அடுத்து, தீயில் உப்புகளைத் தூவி நிறம் காட்டினேன். சுடர் பச்சையாக எழுந்தது. “இது என்ன உப்பு, யாராவது சொல்லுங்க பாப்போம்” என்றேன். வழக்கமாக யாரும் சொல்ல மாட்டார்கள். நானே சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொள்வேன். அன்றைக்குப் பின்வரிசையிலிருந்து முருகன், “பேரியம்” என்றார். சிவப்புக்கு, “ஸ்ட்ராண்டியம்.” விடாமல் நீலத்தைக் கேட்டேன். “அதுக்குத் தாமிரம். ஆனா நல்ல நீலம் லேசுல வராது டீச்சர்.”

கதிர் அப்பாவை அண்ணாந்து பார்த்தான். “அப்பா, நீ சயின்டிஸ்டா?” என்று கூட்டத்துக்கே கேட்கும்படி கேட்டான். முருகனுக்குக் காது சிவந்துவிட்டது. “ஏலே, சும்மா இரு. டீச்சர் பொழப்புல மண்ணைப் போடாத.”

எர்த்து

கடைசியாக மின்சார உருண்டை. முக்காலியில் ஏறி அதன்மேல் கை வைத்தால் தலைமுடி ஒவ்வொன்றாக நட்டுக்கொண்டு நிற்கும். யாழினியை ஏற்றிவிட்டு சுவிட்சைப் போட்டேன். முடி கிளம்பியது, எல்லோரும் சிரித்தார்கள். செல்வி மட்டும் “ஏ பாப்பா!” என்று அலறிக்கொண்டு பாய்ந்து வந்தாள். தொட்டதும் இருவருக்கும் நடுவே ‘டப்’பென்று ஒரு பொறி. பிள்ளையை வாரியெடுத்துக்கொண்டு வெளியே ஓடிவிட்டாள்.

சுவிட்சை அணைத்துவிட்டு எரிச்சலோடுதான் பின்னால் போனேன். வேப்ப மரத்தடியில் அவள் யாழினியின் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “நாங்க மருந்து ரூமுக்குள்ள போறப்ப வாசல்ல செம்புத் தகட்டத் தொட்டுட்டுத்தான் டீச்சர் போவோம். ஒடம்புல இருக்க கரண்டு மண்ணுக்கு எறங்கணும். நைலான் சேலை கட்ட விட மாட்டாக. அங்கன ஒரு பொறி போதும். பக்கத்து ரூம்ல என் சினேகிதி ஒருத்தி இருந்தா...” ஆறு வருஷமாக நான் பலகையைப் பார்த்து ஒப்பித்துவந்த பாடத்தை இவள் தினமும் காலையில் கையால் தொட்டுக்கொண்டிருக்கிறாள்.

உள்ளே அழைத்துவந்து, உருண்டையிலிருந்து மின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் கம்பியைக் காட்டினேன். “இங்கன பட்டாசு மருந்து ஒண்ணும் இல்லைல்லா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். யாழினியோ மறுபடி ஏறணும் என்று சிணுங்கினாள். செல்வி அவளை முக்காலியில் ஏற்றிவிட்டாள். பிறகு கம்பியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு உருண்டைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். “இப்பப் போடுங்க டீச்சர். எர்த்து என் கையிலயே இருக்கட்டும்.”

இப்போதெல்லாம் விளக்கத்தை ஆரம்பிக்கும் முன் “நீங்க எங்க வேலை பாக்கீக?” என்று கேட்டுவிடுகிறேன்; பாதி நாள் நான் கைகட்டி நின்று கேட்டுக்கொண்டிருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.