மேசையில் நடந்த போன்

‘உதறல்’ என்கிற பேரை நான் முதலில் கேட்டது பல் டாக்டர் வாசலில். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு இளவட்டங்கள், உதறல் வந்தால்தான் ஆபீசில் அந்த வேலை முடியும் என்று பேசிக்கொண்டார்கள். யாரோ குளிர்காய்ச்சல்காரன் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்தேன். விசாரித்தால் நம்ம வீட்டுப் பிள்ளை! என் நாத்தனாரின் கடைக்குட்டி.

போனில் ஓர் ஆப்பைத் திறந்து விரல் வைத்தால் கையில் லேசாக அதிருமில்லையா, அது எங்கே வரணும், எவ்வளவு வரணும் என்று பார்த்து வைப்பதுதான் அவன் உத்தியோகம். அதனால்தான் ஆபீசில் அந்தப் பேர். நாத்தனாருக்கு இதை வெளியே சொல்ல வாய் வராது. கம்ப்யூட்டர் வேலை என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி வைப்பாள்.

தினம் ஒரே ரயிலில் போய்வந்த பழக்கத்தில் ஒரு தையல்காரர் மகளை அவனுக்குப் பிடித்துப்போனது. அவளுக்கும்தான். ஆனால் அப்பா சம்மதிக்காமல் வரமாட்டேன் என்றுவிட்டாள். அவள் இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்று இவன் நின்றான். நாத்தனாரும் நானும் அவனைக் கூட்டிக்கொண்டு பெண் கேட்கப் போனோம்.

துணி வெட்டுகிற அறையில்தான் உட்காரவைத்தார்கள். என்ன வேலை என்று தையல்காரர் கேட்டார். நாத்தனார் வாயைத் திறப்பதற்குள் இவன் முழுசாக விளக்கிவிட்டான். எந்த ஆப்பு என்றார் அவர். தையல்கடைக்காரர்கள் அளவு குறித்து வைக்கிறது என்றான். நான் அவன் தொடையில் கிள்ளினேன். கிள்ளி என்ன செய்ய?

தையல்காரர் விருட்டென்று எழுந்து உள்ளே போனார். கத்தரிக்கோல்தான் வரப்போகிறது என்று பயந்தேன். போனோடு வந்தார்.

“ஒரு கையில துணி இருக்கும். போனை மேசையில வச்சு ஒத்த விரலால தட்டுவேன். தட்டத் தட்ட இது நடந்துபோய்க் கீழ விழுது. ரிப்பேர்க்காரன், உங்க கைதான் நடுங்குதுங்கிறான். நீதானா அது?”

தட்டியும் காட்டினார். போன் நண்டு மாதிரி ஓரம் பார்த்து நகர்ந்தது. நம்ம ஆள் மன்னிப்புக் கேட்பான் என்று பார்த்தால், மண்டிபோட்டு மேசை மட்டத்துக்குக் கண்ணை வைத்து, “நாங்க எல்லாரும் கையில வச்சுத்தான் பார்த்தோம்” என்று அதிசயப்படுகிறான்.

“முதல்ல இது நிக்கட்டும். அப்புறம் கல்யாணப் பேச்சு” என்று அனுப்பிவிட்டார்.

ரோசத்தில் இவன் அதிர்வையே அடியோடு எடுத்துவிட்டான். அது இன்னும் வம்பாகப் போனது. தட்டினது பதிவானதா இல்லையா என்று தெரியாமல் தையல்காரர் இரண்டு தரம் தட்ட, ஒரே அளவு இரண்டு தரம் பதிவாகி, ஒரே ஆளுக்கு இரண்டு பேண்ட் வெட்டிவிட்டார். அதிர்ந்தால் குற்றம், அதிராவிட்டால் சந்தேகம். நாத்தனார் மூக்கைச் சிந்திக்கொண்டே வேறு பெண் தேட ஆரம்பித்தாள்.

இவன் விடவில்லை. அதிர்வைத் திரும்ப வைத்து, லீவு நாளெல்லாம் அந்த மேசை பக்கத்திலேயே கிடந்தான். அவர் தட்டுவார், முகத்தைச் சுளிப்பார், இவன் குறைப்பான். கடைசியில் அளவு பதிவாகும்போது மட்டும் ஒரே ஒரு சின்ன அதிர்வு. போன் அசையாது, விரலுக்கு மட்டும் தெரியும்.

தையல்காரர் மூன்று நான்கு தரம் தட்டிப் பார்த்தார்.

“ம், போதும். அவளுக்கு எப்ப லீவு கிடைக்கும்னு கேளு. தேதி வைக்கலாம்.”

இப்போது அவன் மாமனார் கடைக்குப் பின்னாலேயே இரண்டு அறை வீட்டில் பெண்டாட்டியோடு இருக்கிறான். வேலை அதே வேலைதான்.