பென்சிலைத் துடைத்த நாள்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பர்மா அரிசி வருவது நின்று, திருவனந்தபுரத்தில் பல வீடுகளில் மரவள்ளிக் கிழங்குதான் சாப்பாடு. நான் தம்பானூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்த்தேன். நாலாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஆட்களிடம் பேசக் கூச்சம். அதனால், கண்ணாடி நெகட்டிவில் பென்சிலால் முகச் சுருக்கத்தையும் குழியையும் மறைக்கும் வேலை எனக்கு ஒத்துப்போயிற்று.

சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்து. அங்கிருந்தவர்கள் கஞ்சித்தொட்டி கேட்டு சர்க்காருக்கு மனுக் கொடுத்திருந்தார்கள். அங்கே யாரும் பட்டினியில்லை என்று மனு திரும்பிவிட்டது. படத்தோடு மறுபடி கொடுக்க, அந்தச் சந்துக்கார அம்மாள் ஒருத்தி ஸ்டூடியோவுக்கு வந்தாள். படமெடுப்பவருக்கு அன்று காய்ச்சல். நாற்பது வயதில் முதல் தடவையாக நான் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனேன்.

சந்து ஜனங்களை வரிசையாக நிற்கவைத்து எடுத்த படம் தெளிவாக விழுந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தில், கல்யாணப் பெண்ணுக்குச் செய்வதுபோல, பழக்கதோஷத்தில் பட்டினியில் ஒட்டிப்போன எல்லார் கன்னத்தையும் பென்சிலால் நிரப்பிப் பிரிண்ட் போட்டுவிட்டேன்.

அம்மாள் வாங்கிப் பார்த்தாள். "இது ஆருக்க மொகம் அண்ணே? இதைக் கண்டா சர்க்காரு கஞ்சியா தரும்? எங்க வீட்டுக்கு விருந்துக்கில்லா வரும்."

எனக்கு உடம்பு கூசிவிட்டது. டர்பன்டைனில் பஞ்சை நனைத்து, நெகட்டிவில் வைத்த பென்சிலை எல்லாம் துடைக்க ஆரம்பித்தேன். முதலாளி எழுந்து வந்தார்.

"என்ன வே செய்யீரு? இந்தக் கோலத்திலே படம் வெளியே போனா ஸ்டூடியோ பேரு கெடும், கேட்டீரா. துடைச்சா நாளைக்கு வரவேண்டாம்."

நான் துடைத்து முடித்து, வேறு பிரிண்ட் போட்டேன். ஸ்டூடியோ முத்திரை போட அவர் சம்மதிக்கவில்லை. படத்தின் பின்னால் என் பெயரை நானே கோணல் எழுத்தில் எழுதி, அம்மாளோடு மனுக் கொடுக்கவும் போனேன்.

அதிகாரி படத்தைத் திருப்பி, பின்னாலிருந்த பெயரைப் பார்த்தார். "இது ஆரு? கொஞ்சம் நல்லா எடுக்கக் கூடாதா?"

"நான்தான் சார். நேரே வந்து பார்த்தாலும் இப்படித்தான் இருக்கும்," என்றேன். தலை குனியவில்லை.

மறுநாளே ஒருவர் சந்துக்கு வந்து பார்த்தார். அடுத்த வாரம் அங்கே கஞ்சி ஊற்றினார்கள். கல்யாண முகூர்த்தங்கள் நெருங்கி ஸ்டூடியோவில் வேலை குவிந்ததால் முதலாளியே என்னைக் கூப்பிட்டனுப்பினார். போனேன், மன்னிப்புக் கேட்கவில்லை.

இன்றும் நான் கூச்சக்காரன்தான். ஆனால் உள்ளதை உள்ளபடி எடுத்த படத்துக்கு, யார் முகம் சுளித்தாலும், என் பெயரைப் போட நான் கூசுவதில்லை.