சல்லடை அக்கா எழுதிய ‘அதிகம்’

புதுத் தொழிற்சாலைகளுக்குக் கடன் கொடுக்கலாமா, கொடுத்தால் திரும்பி வருமா என்று ஆராய்ந்து சொல்வது வங்கியில் எங்கள் பிரிவின் வேலை. பக்கத்து மேசை சல்லடை அக்காவுடையது. எதையும் சலித்துப் பார்க்காமல் விடமாட்டார் என்று மேலாளர் வைத்த பட்டப்பெயர் அது. அந்த மேலாளரைப் பற்றிப் பேசவே எனக்கு வாய் கூசுகிறது. என்ன செய்ய, பேசித்தான் ஆகவேண்டும்.

பழைய டயரைச் சூடாக்கி எண்ணெய் எடுக்கும் உலைக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. தொழில் தொடங்குபவர் அக்காவின் தங்கை கணவர்.

“சார், அவர் என் தங்கச்சி வீட்டுக்காரர். இத வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்க” என்றார் அக்கா.

“அட, உங்களுக்குத்தானே உள்விஷயம் தெரியும். நீங்களே பாருங்கம்மா” என்று பல்லை இளித்தான் மேலாளர். சொந்தக்காரி கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்வாள் என்று கணக்கு. வெட்கங்கெட்ட ஜென்மம்.

அக்காவோடு நானும் போனேன். கொட்டகையில் சோதனைக்குக் கட்டிய சின்ன உலை ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. அக்கா குனிந்து, ஓரத்தில் கிடந்த டயர் துண்டுகளைக் கையில் எடுத்தார்.

“ஏன் மாப்ள, எல்லாத்தையும் கழுவி வச்சிருக்கீங்க?”

“மண்ணோட போட்டா குழாய் அடைச்சுக்குதுக்கா. பெரிய உலைல சரி பண்ணிடலாம்.”

“எப்படி?”

“பண்ணிடலாம்க்கா.”

அறிக்கையில் ஆபத்து எவ்வளவு என்ற கட்டத்தில் எங்கள் பிரிவில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு ‘நடுத்தரம்’ என்றுதான் எழுதுவோம். ‘குறைவு’ என்றால் பின்னால் மாட்டிக்கொள்வோம். ‘அதிகம்’ என்றால் அன்றைக்கே திட்டு விழும். அக்கா ‘அதிகம்’ என்று எழுதினார். கடன் கிடைக்காது, தங்கை கொஞ்ச நாள் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வாள், குடும்பமாவது பிழைக்கும் என்று நினைத்தார்.

கடன் நிற்கவில்லை. மேலிடத்துக்கு அந்த வருஷ இலக்கு முடியவேண்டும். ஆபத்து அதிகமா? சரி, இன்னும் ஒரு ஈடு வாங்கு! தங்கை பெயரில் இருந்த வீட்டைக் கேட்டார்கள்.

அக்கா அலறியடித்துக்கொண்டு ஓடினார். “கையெழுத்து மட்டும் போட்டுடாதடி, உன் கால்ல வேணா விழறேன்.”

“நீ அப்படி எழுதினதாலதான வீட்டையே கேக்கறாங்க? எங்க வாழ்க்கைல மண்ணப் போட்டுட்டு இப்ப எதுக்கு வந்து நிக்கற?” என்று கதவைச் சாத்தினாள் தங்கை.

உண்மைதான். எல்லோரையும் போல ‘நடுத்தரம்’ என்று கிறுக்கியிருந்தால் வீட்டை யாரும் சீந்தியிருக்கமாட்டார்கள். நேர்மையாக எழுதியதற்குக் கிடைத்த கூலி இது.

பெரிய உலை குழாய் அடைத்துப் படுத்தது. வீடு ஏலத்துக்குப் போனது. தங்கையும் கணவரும் ஒற்றை அறை வாடகைக்குப் போனார்கள். அக்கா கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை.

ஆண்டுக் கூட்டத்தில் மேலாளர் மைக்கைப் பிடித்தான். “ஒரு டயர் உலை படுத்துடுச்சு. ஆனா நமக்கு ஒரு பைசா நஷ்டம் கிடையாது. ஏன்? இவங்க ‘அதிகம்’னு எழுதினாங்க, நாம வீட்ட வாங்கி வச்சுக்கிட்டோம்!” எல்லோரும் கைதட்டினார்கள்.

அக்கா எழுந்தார். “சார், அது என் தங்கச்சி வீடு.”

“தெரியும்மா. அதத்தான் சொல்ல வந்தேன்” என்று கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தான். “கூடப் பொறந்தவன்னுகூடப் பாக்கல, பாத்தீங்களா!”

இந்த முறை எழுந்து நின்று கைதட்டினார்கள்.