நல்லது வலது, கெட்டது இடது

உத்தமபாளையம் பேருந்து நிலையம் அருகே பிளெக்ஸ் கடை வைத்திருக்கும் ஆரோக்கிய பிரபுவின் மேசையில் இரண்டு மானிட்டர்கள். வலது மானிட்டர் வாடிக்கையாளர் நாற்காலியைப் பார்த்துத் திரும்பியிருக்கும். அதில் கல்யாணம், காதுகுத்து, சர்ச்சில் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை. இடது மானிட்டர் அவருக்கு மட்டும் தெரியும். அதில் கண்ணீர் அஞ்சலி. அந்தப் பக்கத்து விண்டோ எதுவும் இந்தப் பக்கம் வரக் கூடாது. மணமகளின் தாய்மாமன் கன்னத்தை வெள்ளையாக்கும்போது ஓரத்தில் யாருடைய பதினாறாம் நாளோ எட்டிப் பார்த்தால் ஆர்டர் எழுந்து போய்விடும். மற்றபடி பிரபுவுக்குக் கொள்கைகள் கிடையாது.

வயது முப்பத்து நான்கு. எத்தனையோ கல்யாண பிளெக்ஸில் வந்துவிட்டார். எல்லாவற்றிலும் அடியில், பொடி எழுத்தில், செல் நம்பரோடு.

ராயப்பன்பட்டியிலிருந்து ஒரு வரன் வந்தது. பெண் ஜெசி, பள்ளி ஆசிரியை. பேரனின் புதுநன்மைக்கு பிளெக்ஸ் அடிக்கிற சாக்கில் அவளுடைய அம்மா பாக்கியம் மாப்பிள்ளையைப் பார்க்க வருகிறார் என்று தரகர் முந்தின நாளே பிரபுவிடம் ரகசியமாகச் சொல்லியிருந்தார். பாக்கியத்துக்குப் பிடித்தால்தான் மேற்கொண்டு பேச்சு.

காலையிலேயே பிரபு துக்கம் அத்தனையையும் இடது பக்கம் இழுத்து அடுக்கினார். ஆறு விண்டோ. மூடியிருக்கலாம், ஆறிலும் வேலை பாதியில் நின்றது.

பாக்கியம் ஜெசியையும் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"பேரன் மொகம் தெளிவா தெரியலையே தம்பி."

"நாற்காலிய இங்கன இழுத்துப் போட்டுப் பாருங்கம்மா."

இழுத்துப் போட்டார். நாற்காலி மேசையை இடித்தது. இடது மானிட்டரின் கேபிள் கழன்றது. கம்ப்யூட்டர் இரக்க குணம் உள்ளது. வீடிழந்த ஆறு விண்டோக்களையும் மிச்சமிருந்த திரையில் கொண்டுவந்து குடிவைத்தது. எல்லாவற்றுக்கும் மேலே, பூமாலை பார்டருக்குள், சிரித்த முகமாக ஆரோக்கிய பிரபு. கண்ணீர் அஞ்சலி. தோற்றம்: 1990. மறைவு என்ற இடம் மட்டும் காலி.

புது பார்டர் செய்தால் அளவு பார்க்க ஒரு முகம் வேண்டும். அடுத்தவர் முகத்தை வைத்தால் அடிக்க வருவார்கள். அதனால் தன் முகம்.

பாக்கியம் சிலுவை போட்டுக்கொண்டார். "ஏ ஆத்தா! என்ன தம்பி இது?"

"சாம்பிளும்மா. சும்மா மாதிரிக்கு."

"சாவுக்கு மாதிரி பாக்குற ஆளுக்கா எம்பொண்ணக் குடுக்கணும்?"

"பிளெக்ஸ் அடிக்கத்தான வந்தோம்னு சொன்னியேம்மா?" என்றாள் ஜெசி. பிறகு திரையைப் பார்த்துக் கேட்டாள். "மறைவு தேதி போடலையே?"

"அது பார்ட்டி சொன்னாத்தாங்க போடுவோம்."

ஜெசி சிரித்துவிட்டாள். "இதுல நல்லாத்தான் இருக்காக. தரகர் காட்டுன போட்டோவுலதான் செத்த மாதிரி இருந்தாக."

வீட்டில் மூன்று நாள் சண்டை. ஜெசி ஜெயித்தாள். பாக்கியம் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: கல்யாண பிளெக்ஸ் மாப்பிள்ளை கடையில் அடிக்கக் கூடாது.

சின்னமனூரில் கொடுத்தார்கள். அங்கிருந்த டிசைனர் மாப்பிள்ளை படம் கேட்டார். பிரபுவிடம் வாங்கி, எழுத்தை மட்டும் வெட்டிவிட்டு ஜெசி அனுப்பியது அந்த அஞ்சலிப் படத்தைத்தான்.

மண்டப வாசலில் பத்தடி உயரத்தில், பூமாலை பார்டருக்குள், பிரபு நடுவில் நின்று சிரித்தார். பாக்கியம் அன்று முழுக்கப் பந்தி பக்கத்து வாசல் வழியாகவே போய் வந்தார்.