புழுவுக்கு ஆகாத புகை

தீர்த்தம்மாள் வீட்டில் இருக்கிறாளா என்று யாரும் கதவைத் தட்டிக் கேட்பதில்லை. ரோட்டில் நின்றாலே இருமல் கேட்கும். கேட்டால் இருக்கிறாள், கேட்காவிட்டால் தோட்டத்துக்குப் போயிருக்கிறாள். காரிமங்கலத்துக்குப் பக்கத்தில், மல்பெரித் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிற அந்தச் சின்ன ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாருக்கும் இது ஒரு விசேஷமாகப் பட்டதில்லை. மோட்டார் ஓடுகிற மாதிரி அதுவும் ஒரு சத்தம், அவ்வளவுதான்.

அவள் பாலக்கோட்டுப் பக்கம் பிறந்தவள். பிறந்த ஊரில் அவளுக்குப் பாட்டுக்காரி என்று பேர். நடவு வயலில் அவள் ஒரு அடி எடுத்துக் கொடுத்தால் வரப்பில் போகிறவன் சைக்கிளை விட்டு இறங்கி நிற்பான். மாதுவைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்த மறுநாள் காலையில் அடுப்படியில் உட்கார்ந்தாள். முப்பது வருஷம் ஆகப்போகிறது. இன்றைக்கு ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடிக்க, அவள் நடுவில் ஒருமுறை நின்று மூச்சு வாங்க வேண்டும்.

எல்லாம் களியால் வந்த வினை. தோட்டத்தில் பட்டுப்புழுவுக்கு இலை வெட்ட வருகிற ஆட்களுக்கும் சேர்த்துத் தினமும் பெரிய சட்டியில் ராகிக் களி. கொதிக்கிற உலையில் மாவைக் கொட்டிவிட்டு, முகத்தைச் சட்டிக்கு நேர் மேலே கொண்டுபோய், இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்து அழுத்திக் கிண்ட வேண்டும். அப்படிக் குனிகிற நேரம் பார்த்துத்தான் அடுப்பும் புகையைக் கக்கும். நிமிர்ந்தால் களி கட்டி தட்டிவிடும். களியில் கட்டி இருந்தால் சாப்பிடுகிறவன் முகத்தைச் சுளிப்பான். அவள் முகம் எப்படிச் சுளிந்தது என்று பார்க்க யார் உள்ளே வந்தார்கள்?

கேஸ் இல்லையா என்று கேட்காதீர்கள். இருக்கிறது. விருந்தாளிக்குக் காப்பி வைக்க. ஒருமுறை அதன்மேல் களிச் சட்டியை வைத்துக் கிண்டினாள். அடுப்பு நகர்ந்து, சட்டி சரிந்து, வெந்த களி பாதத்தில் விழுந்தது. புண் ஆற நாளாயிற்று. அதோடு அந்த அடுப்பு அலமாரிக்குப் பக்கத்தில் துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் படி ஏறுவதற்குள் கண் இருட்டிக்கொண்டு வர, மாதுதான் அவளைத் தர்மபுரி ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார். எக்ஸ்ரே படத்தைப் பார்த்த டாக்டரம்மா, "பீடி பிடிப்பீங்களா?" என்று கேட்டார். தீர்த்தம்மாளுக்கு வெட்கத்தில் உடம்பு கூசிப்போயிற்று.

"ஐயோ, இல்லைங்க."

"அப்ப விறகடுப்பா?"

"ஆமாங்க."

"நெஞ்சு ரொம்பக் கெட்டுப்போயிருக்கு. போனது வராதும்மா. இருக்கறதையாவது காப்பாத்திக்குங்க. இனிமே அந்தப் புகையில உக்காராதீங்க."

டாக்டர் மூச்சுக்கு இழுக்கிற மருந்து எழுதிக் கொடுத்தார். பஸ்ஸில் வரும்போது மாது, "பொகையில ஒக்காராதன்னா சோத்துக்கு எங்க போறதாம்?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. கேள்விக்குப் பதில் கிடைக்காவிட்டால் கேள்வியை மறந்துவிடுகிற ஆள், அவ்வளவுதான். அவளுக்கு அதை மறக்க வழியில்லை. அந்த நெஞ்சு அவளுடையது.

பொங்கலுக்குச் சீர் கொண்டுவந்த தம்பி கோவிந்தனிடம் அவள் விஷயத்தைச் சொன்னாள். லாரி ஓட்டுகிறவன். தொப்பூர் மலை இறக்கத்தில் பிரேக் போகாமல் வண்டி இறக்கத் தெரிந்தவனுக்கு அக்காள் மூச்சு வாங்குவதைப் பார்க்கத் தைரியம் இல்லை. "இந்த வருசம் சீலை வேணாங்க்கா. சந்தையில பொகை வராத விறகடுப்பு விக்கறாங்க. அதான் சீரு," என்றான்.

சந்தை நாளன்று தீர்த்தம்மாள் களிச் சட்டி, துடுப்பு, ஒரு பையில் ராகி மாவு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். கோவிந்தனுக்கு மானம் போயிற்று.

"ஏன்க்கா, சந்தைக்குச் சட்டியோடவா வருவாங்க? பாக்கறவங்க என்னா நெனைப்பாங்க?"

"அவங்களா வந்து களி கிண்டப் போறாங்க? நீ வாடா."

கடைக்காரன் பேர் தமிழ்ச்செல்வன். முதலில் விசிறி வைத்த அடுப்பைக் காட்டினான். தீ நீலமாக, பார்க்க அழகாக எரிந்தது. பொட்டுப் புகை இல்லை. ஆனால் விறகை விரல் நீளத்துக்கு நறுக்கி மேல்பக்கமாகப் போட வேண்டும், நடுவில் போட வேண்டுமானால் சட்டியை இறக்க வேண்டும். பாதி வேகிற களியை இறக்கினால் என்ன ஆகும் என்று அவள் அவனிடம் கேட்டாள். அவன் அதை ஓரமாகத் தள்ளி வைத்தான். அடுத்தது தகர அடுப்பு. வெறும் தண்ணீரை வைத்து ஒரு கிண்டு கிண்டியதும் அது சட்டியோடு கிளம்பி நடக்க ஆரம்பித்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மூன்றாவது, உள்ளே சூளை மண் பூசின கனத்த இரும்பு அடுப்பு. பக்கவாட்டில் வாய். மல்பெரிக் குச்சியை முழுசாக நீட்டி விடலாம், எரிய எரிய உள்ளே தள்ளலாம். மேலே மூன்று கொம்பு சட்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அங்கேயே உலை வைத்து மாவைக் கொட்டி முழு பலத்தோடு கிண்டினாள். அடுப்பு அசையவில்லை. குனிந்த முகத்தில் சூடு அடித்தது, புகை அடிக்கவில்லை. களியைத் தமிழ்ச்செல்வனுக்கும் ஒரு உருண்டை கொடுத்தாள்.

"குச்சி நல்லாக் காஞ்சிருக்கணும்க்கா. ஈரக் குச்சி வெச்சா எந்த அடுப்பும் பொகையும். வாய ரொப்பிடாதீங்க, அடியில காத்துப் போவ எடம் விடுங்க," என்றான் அவன், களியை வாயில் வைத்துக்கொண்டே.

கோவிந்தன் வாங்கிக் கொடுத்த அந்த அடுப்போடு வீட்டுக்கு வந்ததும் பழைய மண் அடுப்பைக் கடப்பாரையால் இடித்தாள். "ஒரு ஓரமாக் கெடக்கட்டுமே," என்றார் மாது. கிடக்க விடவில்லை. மண்ணை வாரித் தென்னை மரத்தடியில் கொட்டிவிட்டுத்தான் கையைக் கழுவினாள். அடுப்படிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள். புழு இலையைத் தின்றுவிட்டுப் போடுகிற குச்சிகளைக் கட்டுக்கட்டாகக் கட்டி வெயில் படுகிற சுவரில் சாத்திக் காயவைத்தாள். காய்ந்ததைத் தாழ்வாரத்தில் அடுக்கினாள். மழைக்காலம் முழுக்க வரும்படி சித்திரை வெயிலிலேயே சேர்த்தாள். பக்கத்து வீட்டு முனியம்மாள், "தலைமயிரு ஒணத்தற மாதிரியில்ல குச்சிய ஒணத்தறா!" என்று கேலி பண்ணினாள். பண்ணட்டும்.

இருமல் நின்றுவிடவில்லை. குறைந்தது. படி ஏறினாள், நிற்காமல் ஏறினாள். ஆவணி மாதத்தில் ஒருநாள் மாது தோட்டத்திலிருந்து வந்தவர் வாசலில் நின்று, "தீத்தா, ரேடியோவா போட்டிருக்கற?" என்று கேட்டார். உள்ளே ரேடியோ இல்லை. அவள்தான் களி கிண்டிக்கொண்டே நடவுப் பாட்டில் இரண்டு அடி முனகிக்கொண்டிருந்தாள். கல்யாணம் பண்ணி இத்தனை வருஷத்தில் பெண்டாட்டி குரல் எது, ரேடியோ எது என்று அந்த மனுஷருக்குத் தெரியாமல் போயிற்று. அவள் அதற்கும் சிரித்தாள். அப்போது சிரிக்க மூச்சு இருந்தது.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. கூடவே குளிர்.

பட்டுப்புழு வளர்க்கிறவர்களுக்குத் தெரியும், அது ராஜ பரம்பரை. வியர்வை நாற்றம் ஆகாது, பவுடர் வாசனை ஆகாது, பீடி ஆகாது, பக்கத்தில் மிளகாய் தாளித்தால் ஆகாது. குளிரும் ஆகாது. புகை ஆகவே ஆகாது. முந்தின வருஷம் குளிருக்கு மாது புழு ஷெட்டில் கரிச் சட்டி வைத்தார். கரியில் ஈரம் இருந்து புகைந்துவிட்டது. புழு இலையைத் தொடாமல் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, தட்டு தட்டாகச் செத்தது. அதை வாரிக் குழியில் கொட்டும்போது மாது சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். தீர்த்தம்மாளும் அழுதாள். பொய்யில்லை, அவளும் அவற்றை மயிரிழை கனத்திலிருந்து வளர்த்தவள்.

அதனால்தான் இந்தக் கார்த்திகையில் அவர் அடுப்படி வாசலில் வந்து நின்று கேட்டபோது அவளால் ஒரேயடியாக மறுக்க முடியவில்லை.

"தீத்தா, இந்த அடுப்பக் கொஞ்சம் ஷெட்டுல வெச்சா என்னா?"

"களிய எதுல கிண்டறது?"

"கூடு கட்டற வரைக்குந்தான். அப்புறம் நானே தூக்கியாந்து வெச்சிடறேன். குளுருல புழு சுருண்டுக்கிச்சு, பாவம்."

அவள் தலையாட்டினாள். அவரும் வேலையாள் ஒருவனும் அடுப்பைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பின்னாலேயே திரும்பி வந்து தாழ்வாரத்தில் அடுக்கியிருந்த காய்ந்த குச்சிக் கட்டுகளையும் தூக்கினார்கள். காய்ந்த குச்சி இல்லாமல் அந்த அடுப்பு புகையும் அல்லவா? அதைக் கடைக்காரனிடம் கேட்டு வந்து சொன்னதே அவள்தானே! சித்திரை வெயிலில் அவள் காயவைத்தது அவ்வளவும் ஷெட்டுக்குப் போயிற்று. அவளுக்கு மிஞ்சியது மழையில் நனைந்த குச்சிக் குவியல்.

அடுப்பை வைக்க இடம் இருந்தது, அடுப்புதான் இல்லை. தென்னை மரத்தடிக்குப் போனாள். தான் கொட்டின மண்ணைத் தானே வெட்டி எடுத்துக் குழைத்து, இடித்த இடத்திலேயே பழைய அடுப்பைத் திரும்பக் கட்டினாள். ஈர மண் அடுப்பில் ஈரக் குச்சி. முதல் நாள் மூட்டின புகையில் புதுச் சுண்ணாம்புச் சுவர் ஓட்டுக்குக் கீழே மஞ்சளாயிற்று. கண்ணில் வந்த தண்ணீர் புகையால் வந்தது மட்டும் இல்லை.

புழு பிரமாதமாகக் கூடு கட்டியது. தர்மபுரி மார்க்கெட்டில் மாதுவின் கூட்டைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தவர்கள் எல்லாம் புகழ்ந்தார்கள். ஷெட்டைக் கழுவிவிட்டார். அடுப்பு வருமென்று அவள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தது அடுத்த பேட்ச் இளம்புழு. "இது ஒண்ணு மட்டும் தீத்தா," என்றார். அடுத்ததற்கும் அதையேதான் சொன்னார். பொங்கலுக்கு வந்த கோவிந்தன் அடுப்படியை எட்டிப் பார்த்துவிட்டு, "நானு வாங்கிக் குடுத்தது எங்கக்கா?" என்று கேட்டான். "புழுவுக்குக் கொஞ்ச நாளு வெச்சிருக்குதுடா," என்றாள் அவள், கணவனை விட்டுக்கொடுக்காமல். அன்றைக்கு அவள் வாயைத் திறந்திருக்கலாம். தம்பி இரண்டு கேள்வி கேட்டிருப்பான். இப்படிப் பூசி மெழுகத்தான் நம் பெண்களுக்கு எவ்வளவு சாமர்த்தியம்!

தை மாதக் கடைசியில் ஒருநாள் இலை போடக் கை போதாமல், இலைக் கட்டோடு ஷெட்டுக்குப் போனாள். எப்போதும் போகிறவள்தான். மாது வாசலை மறித்துக் கையை நீட்டினார்.

"உள்ள வராத. சீலையெல்லாம் பொகை நாத்தம் அடிக்குது. புழு இப்பத்தான் தோலு உரிச்சிருக்குது, தாங்காது."

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். அவருக்குப் பின்னால், கதகதப்பான சுத்தமான அறையில், அவள் தம்பி வாங்கிக் கொடுத்த அடுப்பு அவள் காயவைத்த குச்சியில் புகையே இல்லாமல் எரிந்துகொண்டிருந்தது. நாளைக்குப் பட்டு நூல் எடுக்கக் கூட்டோடு வெந்நீரில் வேகப்போகிற புழுவுக்கு அது. உடம்பெல்லாம் எரிந்தது அவளுக்கு. கேட்க ஆயிரம் இருந்தது. இருமல் முந்திக்கொண்டது. "அங்க போயி இருமு," என்றார் அவர், புழுவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே. இலைக் கட்டை வாசலில் வைத்துவிட்டு வந்துவிட்டாள். ஆனால் அன்றைக்கே ஒன்று முடிவு செய்துகொண்டாள். தனியாகக் கேட்டால் இந்த மனுஷர் தரமாட்டார். நாலு பேர் முன்னால் கேட்க வேண்டும்.

நாலு பேர் அடுத்த வாரமே வந்தார்கள். குளிரில் கூட ஒரு தட்டும் சாகாத ஷெட் என்று கேள்விப்பட்டுப் பட்டுத்துறை ஆபீசரும் சுற்றுப்பட்ட விவசாயிகளும் பார்க்க வந்திருந்தார்கள். மாது வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். அடுப்புக்குப் பக்கத்தில் நின்று கணீரென்று பேசினார்.

"புழுவும் நம்மள மாதிரி மூச்சு வுடற சீவன்தாங்க. அதுக்கு ஒடம்பு ரெண்டு பக்கமும் பொட்டுப் பொட்டா ஓட்டை இருக்குது. பொகை உள்ள போச்சின்னா அடைச்சிக்கும். வாயில்லாத சீவன், நம்மகிட்ட சொல்லுமா? நாமதான் பாத்துச் செய்யணும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். அப்போது வீட்டுப் பக்கமிருந்து இருமல் கேட்டது. அடிவயிற்றிலிருந்து, விடாமல். வந்தவர்கள் அதிகம் என்பதால், விருந்தாளிக்கான கேஸ் அடுப்பில் பால் காயும்போதே, மண் அடுப்பில் டீக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"யாருங்க அது, இப்படி இருமறாங்க?" என்றார் ஆபீசர்.

"வூட்டுக்காரிதான் சார். அவளுக்கு அது பழகிடுச்சு."

டீத் தட்டோடு வாசலைத் தாண்டி வந்தவள் காதில் அது விழுந்தது. தட்டை ஷெட் திட்டில் வைத்தாள். சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆபீசருக்கு நேராக நின்றாள். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனசுக்குள் அடுக்கிக்கொண்டுதான் வந்திருந்தாள்.

"ஐயா, அடுத்த பொறப்புல நானு இந்த ஷெட்டுல புழுவாப் பொறந்துக்கறேங்க..."

மூச்சு வாங்க நின்றாள். அவ்வளவுதான் அவள் நெஞ்சுக்குத் தாங்கும்.

கொல்லென்று எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஆபீசர் சிரித்தார். மாதுவும், பெண்டாட்டிக்கு இவ்வளவு வேடிக்கையாகப் பேசத் தெரியுமா என்கிற பெருமையில், எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். "பாத்தீங்களா சார், வூட்டுக்காரம்மாவுக்கே புழு மேல பொறாமை!" என்று ஒரு விவசாயி எடுத்துக் கொடுக்க, இன்னொரு சிரிப்பு. இந்தப் பிறப்பில் என் அடுப்பை எனக்குத் தரச் சொல்லுங்கள் என்கிற மீதிப் பாதி அவள் தொண்டையில் நின்றது. அதைச் சொல்ல மூச்சு வருவதற்குள் ஆபீசர் டீயை எடுத்துக்கொண்டு அடுத்த தட்டுப் புழுவைப் பார்க்கக் குனிந்திருந்தார், மாது அடுத்த பேட்ச் எப்போது வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர்கள் குடித்து வைத்த டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு தீர்த்தம்மாள் அடுப்படிக்குத் திரும்பினாள். இலை வெட்டுகிற ஆட்கள் வருகிற நேரம். களிக்கு உலை வைக்க வேண்டும்.