எலுமிச்சம்பழம் வைத்த ரிக் வண்டியும் நாமக்கல் கோட்டையும்

1. எதிரே வந்த வண்டி

நாமக்கல்லில் கோயிலுக்குப் போகும் தெருவுக்குள் எங்கள் பஸ் நுழைந்து பாதி தூரம் போனதும் நின்றுவிட்டது. எதிரே ஒரு புது ரிக் வண்டி நின்றது. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் என்றால் தெரு அகலத்துக்கு இருக்கும். முகப்பில் மாலை, கண்ணாடியில் சந்தனம், நான்கு பக்கமும் வாழைக்கன்று. பூசை முடிந்து, சக்கரங்களுக்கு முன்னால் நாலு எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். பழத்தை நசுக்கிக்கொண்டு முன்னால் வர வேண்டியதுதான் பாக்கி. முன்னால் எங்கள் பஸ்.

நான் சேலத்தில் ஒரு டிராவல்ஸில் கைடு. அன்று பஸ்ஸில் இருந்தவர்கள் சென்னையிலிருந்து வந்த ஓய்வுபெற்ற அலுவலர்கள், பதினெட்டுப் பேர். மதியம் நடை சாத்துவதற்குள் நரசிம்மர் குடைவரைக் கோயிலை அவர்களுக்குக் காட்டியாக வேண்டும். அதற்கு அதிக நேரம் இல்லை.

நாமக்கல் சுற்றுலா என்பது நான் போட்டுக்கொடுத்த ரூட். அதற்கு முன்பு எங்கள் ஆபீஸில் ஏற்காடு, ஒகேனக்கல், கொல்லிமலை என்று மூன்று போர்டுகள்தான் இருந்தன. வரலாறு எம்.ஏ. படித்துவிட்டு டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருந்த நான்தான் நாலாவது போர்டு கேட்டேன். முதலாளி ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்.

"நாமக்கல்லுல என்னம்மா இருக்கு, முட்டையும் லாரியும்! சரி, ஒரு ட்ரிப் போய்ட்டு வா. ஒரு கம்ப்ளைண்ட் வந்தாலும் போர்டைக் கழட்டிருவேன். நீ பழையபடி கவுண்டருக்குப் போயிரணும்."

அவர் முடிவு செய்த தேதி முகூர்த்த நாள். அன்றைக்குப் புது வண்டிக்காரர்கள் எல்லாம் பூசைக்கு வருவார்கள் என்று சொன்னேன். ட்ரிப் கேட்டவர்களுக்கு அந்த ஒரு தேதிதான் வசதி என்றார். சரி, விடியலில் கிளம்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். சேலம் ஹோட்டலில் ராமநாதன் என்ற பெரியவர், "முதல் காபி சரியில்லை, இரண்டாவது வரட்டும்" என்று உட்கார்ந்துவிட்டார். அவர் எழுந்திருக்காமல் மற்றவர்கள் எழுந்திருக்கவில்லை.

அந்த ராமநாதன் சார்தான் பஸ்ஸில் முதலில் குரல் கொடுத்தார்.

"ஏம்மா, அந்த ரிக்கைப் பத்தடி ரிவர்ஸ் எடுக்கச் சொல்லேன். அவ்வளவுதானே?"

எங்கள் டிரைவர் குமரேசன் அண்ணன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டார். பஸ்ஸுக்கு வருவதற்கு முன் பல வருடம் லாரி ஓட்டியவர்.

"அதை நான் கேக்க மாட்டேன் சாமி. பூசை போட்ட வண்டி மொத மொதல்ல பின்னாடி போறதா? நாளைக்கு அதுக்கு ஒண்ணுன்னா எம்பேரத்தான் சொல்லுவாங்க."

நான் இறங்கிப் போனேன். ரிக்காரர் வெள்ளை வேட்டியில், திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆள். வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. கேட்கப்போகிறேன் என்று அவர் பயந்தது முகத்தில் தெரிந்தது.

"ஏனுங்க அம்மிணி, பழம் வெச்சாச்சுங்க. இனி எப்படிங்க பின்னாடி எடுக்கறது? ஊட்டு ஆளுங்க எல்லாரும் இங்கதான் நிக்கறாங்க, பாருங்க."

"வேண்டாங்க. நாங்க எடுக்கறோம். கொஞ்சம் பொறுங்க."

"ஆமாங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

2. ரிவர்ஸ்

சொல்வது எளிது. பஸ்ஸுக்குப் பின்னால் கார்களும் ஆட்டோக்களும் வரிசையாக நின்றன. கடைசி வண்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். பஸ்ஸில் மைக்கைப் பிடித்து நடந்ததைச் சொன்னேன். புது வண்டி பின்னால் போகக் கூடாது என்பது இந்த ஊர் வழக்கம், அதனால் நாம் போகிறோம், குடைவரைக்கு மதியம் போக முடியாமல் போகலாம், சாயங்காலம் நடை திறந்ததும் கட்டாயம் காட்டுவேன் என்றேன். மன்னிப்புக் கேட்கும் குரலில் சொல்லவில்லை. கைடு குரல் தாழ்ந்தால் பஸ்ஸில் பதினெட்டுக் குரலும் உயரும்.

ராமநாதன் சார் எழுந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் படியில் இறங்கி நேராகத் தெருவின் பின்பக்கம் போனார்.

"வா, வா, வா... லெஃப்ட் ஒடி... நில்லுய்யா! உன்னைத்தான், ஆட்டோ! பின்னாடி பாத்து எடு!"

ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார். "யாருங்க நீங்க, போலீஸுங்களா?"

"ரிடையர்டு."

எதிலிருந்து ரிடையர்டு என்று அவர் சொல்லவில்லை, ஆட்டோக்காரரும் கேட்கவில்லை. ஆட்டோ பின்னால் போனது. தெரு காலியாக வெகுநேரம் ஆனது. கடைசியில் ரிக் முன்னால் நகர்ந்தபோது நாலு எலுமிச்சம்பழமும் நசுங்கின. எங்கள் குழுவில் பாதிப்பேர் கை தட்டினார்கள். ரிக்காரர் ஒவ்வொருவர் கையிலும் வடையும் பொங்கலும் வைத்தார். ராமநாதன் சாருக்கு மட்டும் இரண்டு வடை.

நாங்கள் நடந்து கோயிலுக்குப் போனபோது ஆஞ்சநேயரைப் பார்க்க முடிந்தது. மேலே கூரை இல்லாமல் வெயிலிலும் மழையிலும் நிற்கும் சிலை அது. ஏன் கூரை இல்லை என்ற கதையைச் சொன்னேன். எதிரே இருக்கும் நரசிம்மர் குடைவரைக்குப் போனதும் கதவை இழுத்துச் சாத்தினார்கள்.

"போச்சா?" என்றார் ராமநாதன் சார்.

"நாலு மணிக்கு மேல திறப்பாங்க சார்."

"அதுவரைக்கும்? கோட்டை ஏறலாமா?"

கோட்டை இருப்பது ஊர் நடுவில் நிற்கும் ஒற்றைப் பாறையின் உச்சியில். படிகளைப் பாறையிலேயே வெட்டியிருக்கிறார்கள். உச்சி வெயிலில் அந்தப் பாறை தோசைக்கல். இந்த வயதுக்காரர்களை அதில் ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டேன்.

3. பட்டறை

சாப்பாட்டுக்குப் பிறகும் நேரம் இருந்தது. என் ரூட்டில் இல்லாத ஓர் இடத்துக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டு போனேன். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை. சக்கரமும் அடிச்சட்டமும் மட்டுமான சேஸிஸாக உள்ளே வரும் வண்டி, முழு லாரியாக வெளியே போகும் இடம். அங்கே என் அப்பா வெல்டர். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்.

சேஸிஸ் என்றால் என்ன, மரம் எங்கே முடிந்து இரும்பு எங்கே தொடங்குகிறது, முகப்பில் பூ வரைவது எந்தக் கட்டத்தில் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அப்பா கண்ணாடியைத் தூக்கி ஒருமுறை பார்த்தார். மகள் பதினெட்டுப் பேருக்கு முன்னால் மைக்கோடு நிற்கிறாள். அவர் சொன்னது இதுதான்.

"எல்லாத்தையும் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு சாமி. பொறி தெறிக்கும்."

தள்ளி நிற்கச் சொன்னேன். நின்றார்கள்.

சாயங்காலம் குடைவரை திறந்ததும் முதல் ஆட்களாக உள்ளே போனோம். வராகரையும் நரசிம்மரையும் ஒரே பாறையில் குடைந்து எடுத்திருப்பதை அவசரம் இல்லாமல் காட்டினேன். ராமநாதன் சார் நரசிம்மரைப் பார்த்துவிட்டுக் கடைசி ஆளாக வெளியே வந்தார். மலையின் மறுபக்கம் ரங்கநாதர் குடைவரையையும் பார்த்து முடித்தபோது இருட்டத் தொடங்கிவிட்டது. கோட்டை பாக்கி.

4. கம்ப்ளைண்ட்

மறுநாள் ஆபீஸுக்குப் போனதும் முதலாளி போர்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"கம்ப்ளைண்ட் வந்துருச்சும்மா. ராமநாதன்னு ஒருத்தர். கோட்டையைக் காட்டாமயே திருப்பிக் கூட்டிட்டு வந்துட்டீங்கன்னு போன்ல கத்தறாரு."

"வேற என்ன சொன்னாருங்க?"

"வேற ஒண்ணும் சொல்லல. அது ஒண்ணு போதாதா?"

"போதுங்க. பாக்க ஒண்ணுமில்லாத ஊர்னு சொன்னீங்க. பாக்காம விட்டுப் போச்சேன்னு ஒருத்தர் சண்டை போடறாரு."

முதலாளி மேசையில் விரலால் தட்டினார்.

"போர்டு வேணும்னா என்ன மாத்தணும், சொல்லு."

சொன்னேன். முகூர்த்த நாளில் நாமக்கல் ட்ரிப் கிடையாது. சேலம் ஹோட்டலில் காபி கிடையாது. இருட்டோடு கிளம்பி, பாறை சூடாவதற்குள் கோட்டை ஏறி இறங்கிவிட வேண்டும். டிபன் நாமக்கல்லில். பிறகு குடைவரைகள். வெயில் நேரத்துக்குப் பட்டறை. நடை, வெயில், பூசை எல்லாவற்றுக்கும் அந்த ஊருக்கு ஒரு நேரம் இருக்கிறது. இந்த வேலைக்கு வருகிறவர்கள் இடங்களின் பெயரை எழுதுவதற்கு முன்பு அந்த நேரங்களை எழுத வேண்டும். எங்கள் ரூட் இப்போது அப்படித்தான் இருக்கிறது. போர்டு அதே இடத்தில் இருக்கிறது.

அடுத்த ட்ரிப்புக்கு இருட்டில் ஆபீஸ் வாசலுக்கு நான் வந்தபோது எனக்கு முன்பே ஒருவர் பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். ராமநாதன் சார், சென்னையிலிருந்து மறுபடியும். கையில் பெரிய ஃபிளாஸ்க்.

"காபிக்காக நிறுத்த வேண்டாம்மா. மேலே போய்க் குடிச்சுக்கறேன்" என்றார்.

குடித்தார். கோட்டைச் சுவரில் சாய்ந்துகொண்டு, மூடியில் எனக்கும் கொஞ்சம் ஊற்றினார். கீழே, கோயில் தெருவில் மாலை போட்ட வண்டி ஒன்றுகூட இல்லை.